விளிம்பு மென்மையாக்க இடைவெளி

விளிம்பு மென்மையாக்க இடைவெளி என்பது, கணினி வரைகலையில் ஒன்றையொன்று ஒட்டி அமைந்த இரு நிறம் நிரப்பிய உருவங்களின் பொது எல்லையில் பின்னணி நிறம் கசிந்து மெல்லிய கோடாகத் தெரியும் பிழை ஆகும். இரு உருவங்களின் ஆயத்தொலைவுகளும் துல்லியமாக ஒன்றியிருந்தாலும், கணிதப்படி அவற்றுக்கிடையே எந்த இடைவெளியும் இல்லாவிட்டாலும் இக்கோடு தோன்றும். பின்னணி பெரும்பாலும் வெண்ணிறமாக இருப்பதால் பயனர்கள் இதனை "வெள்ளைக் கோடு" என்றே குறிப்பிடுவர். வரைகலை ஆய்வுக் கட்டுரைகளில் இது கான்ஃப்ளேஷன் பிழை எனப்படுகின்றது. இரு வேறு பொருள்களை ஒன்றெனக் கொண்டு குழப்பிக்கொள்வதே இச்சொல்லின் பொருள். இங்கு குழப்பிக்கொள்ளப்படுபவை எவை என்பது கீழே விளக்கப்பட்டுள்ளது.

நிறம் நிரப்பிய சம அளவுக்கோட்டு வரைபடங்கள், வெப்பப் படங்கள், மாவட்டவாரியாக நிறமிட்ட நிலப்படங்கள், நிற அளவுப் பட்டைகள், அடுக்குப் பட்டை விளக்கப்படங்கள் ஆகியவற்றில் இப்பிழை மிகுதியாகக் காணப்படுகின்றது. அழகுக்குறைவு மட்டுமே இதன் தீங்கு அன்று. அறிவியல் வரைபடத்தில் ஒவ்வொரு கோடும் ஏதோ ஒன்றைக் குறிக்கும் எனக் கருதியே படிப்பவர் பார்க்கின்றார். தரவில் இல்லாத கட்டங்களையும் எல்லைகளையும் வரைபடம் காட்டுமானால் அது தவறான செய்தியைத் தருகின்றது என்றே கொள்ளவேண்டும்.

காரணம்

கணினித் திரையின் படம் படவணுக்களால் (பிக்சல்) ஆனது. நிரப்பும் கணிப்பில் ஒவ்வொரு படவணுவும் ஒரு சிறு சதுரமாகக் கொள்ளப்படும். உருவத்தின் விளிம்பு இச்சதுரங்களின் எல்லையோடு பொருந்தி வருவது அரிது. பெரும்பாலும் அது ஏதேனும் ஒரு படவணுவைக் குறுக்கே வெட்டிச் செல்லும். அத்தகைய படவணுவை முழுதாக நிரப்பினாலோ முழுதாக விட்டுவிட்டாலோ சாய்ந்த விளிம்புகள் படிக்கட்டுப் போலத் தெரியும். இதனைத் தவிர்ப்பதற்காகப் படவணுவின் எவ்வளவு பங்கை உருவம் மறைக்கின்றது எனக் கணித்து, அதே விகிதத்தில் உருவத்தின் நிறமும் ஏற்கெனவே உள்ள நிறமும் கலக்கப்படுகின்றன. இதுவே விளிம்பு மென்மையாக்கம் (ஆன்ட்டி அலையாசிங்) ஆகும். மறைக்கப்பட்ட பங்கினை மறைப்பு விகிதம் எனலாம்.

தனித்து நிற்கும் ஓர் உருவத்துக்கு இம்முறை நன்றாகவே வேலை செய்கின்றது. இரண்டாவது உருவம் அதே விளிம்பில் வந்து ஒட்டும்போதுதான் சிக்கல் எழுகின்றது. வெள்ளைப் பின்னணியில் இரு கறுப்பு உருவங்கள் ஒட்டி நிற்பதாகவும், அவற்றின் பொது எல்லை ஒரு படவணுவைச் சரிபாதியாகப் பிரிப்பதாகவும் கொள்வோம். முதல் உருவம் வரையப்பட்டதும் அப்படவணுவில் பாதி கறுப்பும் பாதி வெள்ளையும் கலந்து, 255 என்ற வெண்மை அளவு ஏறத்தாழ 128 ஆகக் குறையும். இரண்டாம் உருவமும் பாதியையே மறைப்பதால், மென்பொருள் மீதமுள்ள 128 இல் பாதியை மட்டும் நீக்குகின்றது. விளைவாகக் கிடைப்பது 64. உண்மையில் இரு உருவங்களும் சேர்ந்து அப்படவணுவை முழுதாக மறைத்துவிட்டன. கிடைத்திருக்க வேண்டியது 0. பின்னணியின் கால்பங்கு அங்கே தங்கிவிட்டது.

ஒரு சன்னலை எடுத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். சன்னலின் இடப்பாதியைத் தடித்த திரை ஒன்றும் வலப்பாதியைத் தடித்த திரை ஒன்றும் மறைத்தால் அறைக்குள் ஒளி வராது. பாதி ஒளியை உள்ளே விடும் மெல்லிய துணிகள் இரண்டை முழுச் சன்னலிலும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கவிட்டால் கால்பங்கு ஒளி உள்ளே வரும். திரைகள் இருக்கும் இடத்தில் மென்பொருள் துணிகளைக் கொண்டு கணக்கிடுகின்றது. மறைப்பு விகிதம் என்பது படவணுவின் எந்தப் பகுதி மறைக்கப்பட்டது என்பதைப் பற்றியது. ஒளிபுகாமை என்பது பொருளின் தன்மையைப் பற்றியது. இரண்டும் ஆல்ஃபா எனப்படும் ஒரே எண்ணாகப் பதியப்படுவதே குழப்பத்துக்குக் காரணம்.

0.5 என்ற ஆல்ஃபா மதிப்புடைய இரு உருவங்கள் ஒரே படவணுவில் சந்திக்கும்போது மூன்று நிலைமைகள் இருக்கக்கூடும். அவை ஆளுக்கொரு பாதியை மறைத்தால் சரியான மொத்த மறைப்பு 1. இரண்டும் ஒரே பாதியை மறைத்தால் சரியான விடை 0.5. தொடர்பின்றி ஒன்றையொன்று வெட்டிச் சென்றால் சராசரியாக 0.75. வழமையான கலப்பு வாய்ப்பாடு மூன்றுக்கும் 0.75 என்ற ஒரே விடையைத் தருகின்றது. ஏனெனில் படவணுவுக்குள் உருவம் எங்கே இருந்தது என்ற செய்தி அவ்வெண்ணில் இல்லை. ஒரே உருவத்தை அதே இடத்தில் இருமுறை வரைந்தால் விளிம்பு தடித்துக் கரடுமுரடாவதும் இக்காரணத்தாலேயே. அது இடைவெளிப் பிழையின் மறுபக்கம்.

கசிவின் அளவு

பொது எல்லை படவணுவை அ, 1−அ என்ற விகிதத்தில் பிரிக்குமானால், கசியும் பின்னணியின் பங்கு அ × (1−அ) ஆகும். இது பாதிக்குப் பாதியாகப் பிரியும்போது 0.25 என்ற உச்சத்தை அடையும். எல்லை படவணுக் கோட்டின்மேலேயே விழுந்தால் சுழியாகிவிடும். மூன்று உருவங்கள் ஒரு படவணுவைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டால் கசிவு 8/27, அதாவது ஏறத்தாழ 0.30. உருவங்களின் எண்ணிக்கை கூடக்கூட இது 0.37 ஐ நெருங்கும். மிகச் சிறிய முக்கோணங்களால் ஆன பரப்புகள் முழுதுமே வெளிறித் தெரிவதன் காரணம் இதுவே. அங்கே தனிக்கோடு என்று எதுவும் தெரியாது, நிறமே மங்கிவிடும்.

கசிவு எல்லைக்கு எல்லை மாறுபடுவதே வரைபடங்களில் பெருந்தொல்லை. ஒவ்வொன்றும் 10.3 படவணு அகலமுள்ள கட்டங்களால் ஆன வெப்பப் படம் ஒன்றினைக் கருதுக. கட்ட எல்லைகள் 10.3, 20.6, 30.9, 41.2, 51.5 எனச் செல்லும். அவற்றின் கசிவு முறையே 0.21, 0.24, 0.09, 0.16, 0.25 ஆகும். தொடர்ந்து 0.16, 0.09, 0.24, 0.21 என வந்து, 103 ஆவது படவணுவில் சுழியாகி, மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே பத்துக் கட்டங்களுக்கு ஒருமுறை திரும்ப வரும் ஒரு கோலம் படத்தின்மேல் படிகின்றது. இது தரவிலுள்ள ஒரு கால ஒழுங்கு போலவே தோற்றமளிக்கும். படத்தின் அளவைச் சற்று மாற்றினால் கோலமும் மாறிவிடும்.

இரு உருவங்களும் அடர்நிறம் கொண்டவையாக இருந்தால் கோடு பளிச்செனத் தெரியும். வெளிர்நிறமாயின் கண்ணுக்குப் புலப்படாமலே போகலாம். கறுப்புப் பின்னணியில் நிலைமை தலைகீழாகும். எனவே ஒரே படத்தின் ஒரு பகுதியில் மட்டும் கோடுகள் இருப்பதைக் கண்டு அப்பகுதியின் தரவில் பிழை உள்ளதென முடிவுகட்டலாகாது.

வரலாறு

மறைப்பு விகிதத்தை ஆல்ஃபா மதிப்பாகக் கொண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் இயற்கணிதத்தைத் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் ஆகிய இருவரும் 1984 ஆம் ஆண்டு சிக்கிராஃப் மாநாட்டில் வெளியிட்டனர். இன்றைய வரைகலை நூலகங்களில் பெரும்பாலானவை பின்பற்றும் "மேல்" (ஓவர்) என்னும் செயலி இக்கட்டுரையில் வரையறுக்கப்பட்டதாகும். ஒரு படவணுவில் சந்திக்கும் உருவங்களின் விளிம்புகள் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்ற எடுகோளின்மேல் இச்செயலி அமைந்தது. திரைப்படக் காட்சிகளை அடுக்குவதற்கு இது பொருத்தமான எடுகோளே. ஒரு விண்கலத்தின் விளிம்பும் பின்னாலுள்ள கோளின் விளிம்பும் இம்மி பிசகாமல் ஒன்றிவருவது அரிது. நிலப்படத்திலோ ஒரு மாவட்டம் முடியும் இடத்தில்தான் அடுத்த மாவட்டம் தொடங்குகின்றது. அங்கே விளிம்புகள் ஒன்றுவது விதிவிலக்கன்று, விதி.

அதே ஆண்டு, அதே மாநாட்டில், அதே லூக்கஸ்ஃபிலிம் நிறுவனத்தைச் சேர்ந்த லோரன் கார்ப்பென்டர் ஏ-பஃபர் என்ற முறையை வெளியிட்டார். இது ஒவ்வொரு படவணுவுக்கும் 4 × 8 என்ற கட்டமைப்பில் 32 துணுக்குகள் கொண்ட முகமூடியை வைத்து, உருவம் படவணுவின் எந்தப் பகுதியை மறைத்தது என்பதையும் பதிந்துகொண்டது. இடப்பாதி, வலப்பாதி என்ற வேறுபாடு இதில் அழிவதில்லை. பிழையின் மூலமும் அதற்கான மருந்தும் ஏறத்தாழ ஒரே கூரையின்கீழ் பிறந்தன என்பது சுவையான செய்தி. இருப்பினும் எளிமையானதும் நினைவகம் குறைவாக வேண்டுவதுமான ஒற்றை எண் முறையே இருபரிமாண வரைகலையில் நிலைத்தது.

அச்சு உலகில் இச்சிக்கல் நெடுங்காலம் தலைகாட்டவில்லை. அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியின் விதிப்படி, உருவம் ஒரு படவணுவை எவ்வளவு சிறிதாகத் தொட்டாலும் அப்படவணு முழுமையாக நிரப்பப்படும். பிடிஎஃப் வடிவமும் இவ்விதியையே ஏற்றது. இதன்படி ஒட்டிநிற்கும் இரு உருவங்கள் ஒரு படவணு அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளுமேயன்றி இடைவெளி விடா. அச்சுப்பொறியின் படவணுக்கள் மிகச் சிறியவை ஆதலால் அந்த ஏற்றம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பிடிஎஃப் கோப்புகளைத் திரையில் படிக்கும் வழக்கம் பரவி, காட்டும் மென்பொருள்கள் விளிம்பு மென்மையாக்கத்தைக் கையாளத் தொடங்கிய பின்னரே வெள்ளைக் கோடுகள் பரவலாகத் தென்பட்டன. திரையில் கோடுகளுடன் தெரியும் அதே கோப்பு தாளில் தூய்மையாக அச்சாவதன் மருமம் இதுவே.

2012 இல் மார்க் கில்கார்டு, ஜெஃப் போல்ஸ் ஆகியோர் வரைகலைச் செயலியைக் கொண்டு திசையன் உருவங்களை வரையும் முறையொன்றை வெளியிட்டனர். ஒரு படவணுவுக்குப் பல மாதிரிப் புள்ளிகளை எடுப்பதன் மூலம் கான்ஃப்ளேஷன் பிழையைத் தவிர்ப்பது அதன் சிறப்புகளுள் ஒன்றாக எடுத்துரைக்கப்பட்டது.

வரைபட மென்பொருள்களில் நிலை

பைத்தான் மொழிக்கான மேட்பிளாட்லிப் நூலகத்தில் நிரப்பிய சம அளவுக்கோட்டு வரைபடங்களுக்கு விளிம்பு மென்மையாக்கம் இயல்பாகவே நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. அதனால் நேரடியாகப் பிஎன்ஜி படமாகச் சேமித்தால் இடைவெளி தோன்றுவதில்லை. விளிம்புகள் சற்றுக் கரடாக இருக்கும், அவ்வளவே. பிடிஎஃப் அல்லது எஸ்விஜி ஆகச் சேமிக்கும்போது நிரப்பும் பணி காட்டும் மென்பொருளின் கைக்குச் சென்றுவிடுகின்றது. நிற அளவுப் பட்டையில் வெள்ளைக் கோடுகள் தெரிவது காட்டும் மென்பொருள்களின் பிழையே என இந்நூலகத்தின் ஆவணம் கூறி, பட்டையின் துண்டுகளுக்கு அவற்றின் முகப்பு நிறத்திலேயே விளிம்பு இடும் மாற்றுவழியையும் தருகின்றது.

ஆர் புள்ளியியல் மொழியின் ஆவணமும் ஏறக்குறைய இதையே சொல்கின்றது. கட்டப்படங்களில் வலை போன்ற கோடுகள் தெரிந்தால் காட்டும் மென்பொருளில் மென்மையாக்கத்தை நிறுத்திப் பார்க்குமாறு அது அறிவுறுத்துகின்றது. கோஸ்ட்ஸ்கிரிப்ட் மென்பொருளோ மறுபுறத்தில் நின்று பேசுகின்றது. பல நிரப்பிய பலகோணங்களை ஒட்டவைத்துப் பரப்பை மூடும் கோப்புகள் மென்மையாக்கத்தின்போது எதிர்பார்த்தபடி வராமல் போகலாம் எனவும், திண்மப் பரப்பினுள் விந்தையான கோடுகள் தெரிந்தால் வரைகலைக்கான ஆல்ஃபா துணுக்குகளை 1 எனக் குறைக்குமாறும் அதன் ஆவணம் எச்சரிக்கின்றது.

ஆக, வரையும் மென்பொருள் காட்டும் மென்பொருளைக் கைகாட்ட, காட்டும் மென்பொருள் கோப்பைக் கைகாட்டுகின்றது. இரு தரப்பிலும் உண்மை உண்டு. காட்டும் மென்பொருள் கையாளும் எடுகோள் தவறானது. ஆனால் அதற்கு ஒரு பலகோணம் வந்துசேரும்போது அடுத்து வரப்போகும் பலகோணம் அதன் பக்கத்து வீடு என்று தெரிந்துகொள்ள வழியில்லை. ஒட்டிநிற்கின்றன என்ற செய்தி வரைபட மென்பொருளிடம் மட்டுமே இருந்தது; கோப்பாக எழுதும்போது அது தொலைந்துவிட்டது. படத்தைப் பெறுபவர் எந்த மென்பொருளில் திறப்பார் என்பது வரைபவரின் கட்டுப்பாட்டில் இல்லாததால், நடைமுறையில் கோப்பை உருவாக்கும் இடத்திலேயே தீர்வு காண்பதே சிறந்தது.

குனூபிளாட் மென்பொருளில் முப்பரிமாணப் பரப்புகளை நிறமிடும் பகுதிக்கு, ஒவ்வொரு நாற்கோணத்துக்கும் அதன் நிறத்திலேயே எல்லை இடும் விருப்பத்தேர்வு ஒன்று உண்டு. கொள்கையளவில் இதனால் எந்த வேறுபாடும் தோன்றலாகாது என்றும், சில வெளியீட்டு வகைகளில் மென்மையாக்கப் பிழைகளை மறைக்கவே இது உள்ளது என்றும், கோப்பு பெரிதாவது இதற்கான விலை என்றும் அதன் ஆவணம் ஒளிவுமறைவின்றிக் குறிப்பிடுகின்றது.

பிழையை இனங்காணல்

வெள்ளைக் கோடுகள் யாவும் இவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. எல்லைகளின் ஆயத்தொலைவுகளே பொருந்தாமல் உண்மையான இடைவெளி இருப்பதும் உண்டு. நிலப்படங்களில் இது அடிக்கடி நிகழ்கின்றது. ஒவ்வொரு மாவட்டத்தின் எல்லைக்கோட்டையும் டக்ளஸ்-பியூக்கர் போன்ற முறையால் தனித்தனியே எளிமையாக்கினால், பொது எல்லை இருபுறமும் வெவ்வேறு விதமாகச் சுருங்கிச் சீவல் போன்ற இடைவெளிகள் உருவாகும். பொது எல்லைகளை ஒருமுறை மட்டுமே பதியும் டோப்போஜேசன் போன்ற வடிவங்கள் இதற்குத் தீர்வாகும். ஆயினும் அவை மென்மையாக்க இடைவெளியைப் போக்கமாட்டா. தரவைத் திருத்திய பிறகும் கோடுகள் நிற்பதைக் கண்டு பலர் மீண்டும் தரவையே துருவிக்கொண்டிருப்பது வழக்கம்.

இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனைகள் உள்ளன. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் உண்மையான இடைவெளி கூடவே அகலும். மென்மையாக்க இடைவெளியோ எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் ஒரு படவணு அகலத்தைத் தாண்டாது, பெரிதாக்கும்போது இடம்விட்டு இடம் மின்னி மறையும். பின்னணியைச் சிவப்பாக்கிப் பார்ப்பது மற்றொரு வழி. கோடும் சிவந்தால் அது கசிவு அல்லது இடைவெளி. வெண்மையாகவே நின்றால் யாரோ வரைந்த கோடு, பெரும்பாலும் நிறுத்த மறந்த எல்லைக்கோடு.

தீர்வுகள்

மிகப் பரவலான தீர்வு, மேலே கண்டவாறு உருவத்தின் நிறத்திலேயே அதற்கு மெல்லிய எல்லைக்கோடு இடுவதாகும். ஒரு படவணு அகலக் கோடு எல்லையின் இருபுறமும் அரைப் படவணு பரவும். 10.3 என்ற இடத்திலுள்ள எல்லைக்கு இதனைக் கணித்தால், கசிவு 0.21 இலிருந்து 0.0084 ஆகக் குறைகின்றது. 255 படிகளில் இது வெறும் இரண்டு படி, கண்ணுக்குத் தெரியாது. குறைகளும் உண்டு. ஒவ்வொரு உருவமும் அரைப் படவணு பருத்து, பின்னர் வரையப்படுவது முன்னதன் எல்லையைச் சிறிது விழுங்கும். மெல்லிய பட்டைகள் நெருக்கமாக உள்ள படங்களில் இது அளவையே பொய்யாக்கிவிடலாம். திசையன் கோப்பில் கோட்டின் அகலம் படவணுவில் அன்றிப் புள்ளி அலகில் பதியப்படுவதால், படத்தைச் சிறிதாக்கிப் பார்க்கும்போது கோடும் மெலிந்து இடைவெளி மீண்டும் தலைகாட்டும். எஸ்விஜி வடிவத்தில் கோட்டின் அகலம் உருப்பெருக்கத்துடன் மாறாதவாறு செய்யும் பண்பு உள்ளது. இந்நிலையில் அது உதவும்.

ஒளி ஊடுருவும் நிறங்களில் இவ்வுத்தி முற்றாகத் தோற்றுவிடும். 0.5 ஒளிபுகாமை கொண்ட நிரப்பும் கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் ஒளிபுகாமை 0.75 ஆகி, வெள்ளைக் கோடு இருந்த இடத்தில் கருங்கோடு வந்து நிற்கும். எல்லா உருவங்களையும் முழு ஒளிபுகாமையுடன் ஒரு குழுவாக வரைந்து, பின்னர் குழு முழுமைக்கும் ஒருமுறை மட்டும் ஊடுருவல் அளிப்பதே இங்குச் சரியான முறை. எஸ்விஜி, பிடிஎஃப் இரண்டிலும் இதற்கு வசதி உண்டு.

சம அளவுக்கோட்டு வரைபடங்களுக்கு இதனினும் தூய்மையான வழி இருக்கின்றது. 10 முதல் 20 வரை ஒரு பட்டை, 20 முதல் 30 வரை மற்றொரு பட்டை எனத் துண்டுகளாக வரையாமல், 10 க்கு மேற்பட்ட பரப்பு முழுவதையும் முதலில் நிரப்பி, அதன்மேல் 20 க்கு மேற்பட்ட பரப்பையும், அதன்மேல் 30 க்கு மேற்பட்டதையும் அடுக்குவதாகும். இப்போது ஒவ்வொரு எல்லையிலும் மேலுள்ள உருவத்தின் கீழே பின்னணிக்கு மாற்றாக முந்தைய நிறம் முழுமையாக உள்ளது. பாதி மறைக்கப்பட்ட படவணுவில் இரு பக்கத்து நிறங்களும் சரிபாதியாகக் கலக்கும். அதுவே கணிதப்படி சரியான விடையுமாகும். டி3 நூலகத்தின் சம அளவுக்கோட்டுப் பகுதி இவ்வாறே, குறித்த மதிப்புக்கு மேற்பட்ட பரப்பு முழுவதையும் பலகோணமாகத் தருகின்றது. நிலப்படங்களில் இம்முறை நேரடியாகப் பொருந்தாது, மாவட்டங்கள் ஒன்றினுள் ஒன்று அடங்குவன அல்ல. ஆயினும் மாநிலத்தின் முழு வடிவத்தை இடைநிலை நிறமொன்றில் முதலில் நிரப்பிவிட்டு அதன்மேல் மாவட்டங்களை வரைந்தால், கசிவது கடலின் நிறமாக இல்லாமல் அந்த இடைநிலை நிறமாக இருக்கும். மிக எளிய உத்தி. ஏனோ குறைவாகவே பயன்படுத்தப்படுகின்றது.

வண்ண அச்சுத் தொழிலில் இதன் உறவினர் ஒன்று உண்டு. வெவ்வேறு மைகள் தாளில் சற்று விலகிப் பதிந்தால் இடையில் வெள்ளை தெரியும் என்பதால், அச்சுக்கு முன்னரே ஒரு நிறத்தை அடுத்த நிறத்தின் கீழ் சிறிது நீட்டிவிடுவர். டிராப்பிங் எனப்படும் இச்செயலின் காரணம் வேறு, மருந்து ஒன்றே.

மென்மையாக்கத்தையே நிறுத்திவிடுவது இன்னொரு வழி. எஸ்விஜி வடிவத்தில் உருவத்தின் வரையும் முறைக்கான பண்பினைக் கூர்விளிம்பு என்ற மதிப்புக்கு மாற்றினால் உலாவிகள் பெரும்பாலும் மென்மையாக்கத்தைக் கைவிடும். செங்குத்தும் கிடையுமான எல்லைகள் மட்டுமே உள்ள வெப்பப் படங்களுக்கு இது போதுமானது. சாய்ந்த எல்லைகளில் படிக்கட்டு திரும்பிவிடும். எச்டிஎம்எல் கான்வாசில் உருவங்களுக்கு மென்மையாக்கத்தை நிறுத்தும் வசதியே இல்லை. மேப்னிக் நிலப்பட மென்பொருள் நடுவழியாக, மென்மையாக்கத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் காமா என்ற மதிப்பைப் பலகோணங்களுக்கு வழங்குகின்றது.

சமச்சீர்க் கட்டங்களுக்கு உருவங்களையே தவிர்த்துவிட்டு ஒரு ராஸ்டர் படமாகப் பதிவது நல்லது. மேட்பிளாட்லிப்பிலும் ஆர் மொழியிலும் இதற்கான விருப்பத்தேர்வுகள் உள்ளன. ஆயிரக்கணக்கான பலகோணங்களுக்கு மாற்றாகச் சிறு படமொன்று அமைவதால் கோப்பின் அளவும் வெகுவாகக் குறையும். எழுத்துகளும் அச்சுகளும் திசையன் வடிவிலேயே தொடரலாம். சில காட்டும் மென்பொருள்கள் படத்தைப் பெரிதாக்கும்போது கட்டங்களை மங்கலாக்கிவிடும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளவேண்டும்.

இவை யாவும் ஒட்டுப்போடும் வேலைகளே. பிழையின் வேரைத் தொடும் தீர்வுகள் வரைகலை நூலகத்தின் உள்ளே செய்யப்படவேண்டியவை. அவற்றுள் எளிதானது மிகைமாதிரியாக்கம்: படத்தை நான்கு மடங்கு பெரிதாக, மென்மையாக்கமின்றி வரைந்து, பின்னர் 4 × 4 படவணுக்களின் சராசரியை எடுத்துச் சுருக்குதல். ஒவ்வொரு நுண்படவணுவும் ஏதேனும் ஓர் உருவத்துக்கு மட்டுமே உரியதாதலால் கசிவுக்கு இடமில்லை. இதற்கு 16 மடங்கு நினைவகம் தேவை. மறைப்பு விகிதமும் 17 படிகளுக்குள் அடங்கிவிடும். கோஸ்ட்ஸ்கிரிப்டில் பெரிதாக வரைந்து சுருக்கும் வசதி உள்ளதால், ஏற்கெனவே உள்ள பிடிஎஃப் கோப்பிலிருந்து தூய்மையான படம் பெற இதுவே கைகண்ட முறை.

மற்றொரு வழி, கலப்பு வாய்ப்பாட்டையே மாற்றுவது. ஒட்டிநிற்கும் உருவங்களின் மறைப்பு விகிதங்களைப் பெருக்காமல் கூட்டினால் 0.5 உம் 0.5 உம் சேர்ந்து 1 ஆகிவிடும். கெய்ரோ நூலகத்தில் உள்ள நிறைவு (சாச்சுரேட்) என்னும் செயலி இதனையே செய்கின்றது: வரும் உருவத்தின் பங்கைப் படவணுவில் இன்னும் மீதமுள்ள இடத்துக்கு மிகாமல் கூட்டிக்கொள்ளும். இடம் நிரம்பிய பின் வருபவை ஒதுக்கப்படுவதால், உருவங்களை முன்னிருந்து பின்னாக, அதாவது வழமைக்கு எதிர் வரிசையில் வரையவேண்டும். அத்துடன் வெற்றான தனி அடுக்கில் வரைந்து, முடிவில் அவ்வடுக்கைப் பின்னணிமேல் வைக்கவேண்டும். பின்னணி ஏற்கெனவே நிறைந்திருந்தால் கூட்டுவதற்கு இடமே இராது. குனூபிளாட்டின் கெய்ரோ வழி வரையும் பகுதி, அடுத்தடுத்து வரும் பலகோணங்களைச் சேர்த்து வைத்து எதிர் வரிசையில் இச்செயலியால் வரையும் உத்தியைக் கொண்டுள்ளது. ஓப்பன்ஜிஎல் முறைமையிலும் இதே நோக்கத்துக்கான கலப்புக் காரணி உண்டு. உருவங்கள் உண்மையிலேயே ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருந்தால் மட்டுமே விடை சரியாக வரும் என்பது இவ்வழியின் எல்லை.

முழுமையான தீர்வு என்று சொல்லத்தக்கது, உருவங்களைத் தனித்தனியே நிரப்பாமல் எல்லைகளை மையமாகக் கொண்டு வரைவதாகும். 2020 இறுதியில் ஆதரவு நிறுத்தப்பட்ட ஃபிளாஷ் இயக்கியின் கோப்பு வடிவத்தில் ஒவ்வொரு விளிம்புக்கோட்டுடனும் அதன் இடப்புறத்து நிறமும் வலப்புறத்து நிறமும் சேர்த்தே பதியப்பட்டன. எனவே ஒரு படவணுவை எல்லை வெட்டும்போது அதன் இருபுறமும் எவை உள்ளன என்பது வரையும் நிரலுக்கு முன்கூட்டியே தெரியும். பின்னணி கணக்கிலேயே வராது. மாக்சிம் செமனரேவ் உருவாக்கிய ஆன்ட்டி-கிரெய்ன் ஜியோமெட்ரி நூலகம் தன் 2.4 ஆம் பதிப்பில் இவ்வகைத் தரவுகளுக்கெனக் கூட்டு நிரப்பி ஒன்றைக் கொண்டிருந்தது. மேட்பிளாட்லிப் பிஎன்ஜி படங்களை வரைவதற்குப் பயன்படுத்துவதும் இதே நூலகத்தைத்தான் என்றாலும், அங்கே பலகோணங்கள் தனித்தனியாகவே நிரப்பப்படுகின்றன. எஸ்விஜி, பிடிஎஃப் ஆகிய இரு வடிவங்களிலும் ஒரு விளிம்புக்கு இருபுற நிறங்களைக் குறிக்கும் வழி இல்லாததால், வரைபட மென்பொருள் தனக்குத் தெரிந்த அண்டைத் தொடர்பைக் கோப்பில் எழுதிவைக்க முடிவதில்லை.